அத்தையின் குரல் மாறிய வருடம்

அனகாபுத்தூரில் என் மாமியாரின் அரிசிக் கடைக்குப் போன் செய்பவர்கள் அவரை 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்தது எப்போது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. முதல் முறை என் காதில் விழுந்தபோது அத்தை சிரித்தார். "அண்ணன் இல்லபா, அக்கா. இன்னா வேணும் சொல்லு. பொன்னியா, இட்லி அரிசியா?" என்று கேட்டுவிட்டுப் போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு மூட்டையின் வாயைப் பிரித்தார். போகப்போக அந்தத் திருத்தத்தையும் விட்டுவிட்டார். அண்ணா என்றவருக்கும் அரிசி போயிற்று, அக்கா என்றவருக்கும் போயிற்று.

நான் சேலையூர்ப் பக்கம் ஒரு காலனியில் வளர்ந்தவள். அப்பா, அம்மா இருவருமே பள்ளி ஆசிரியர்கள். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தபோது அத்தையைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேன் என்றே சொல்ல வேண்டும். மாமா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. கடை, கடைக்குப் பின்னால் வீடு, இரண்டையும் அத்தை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டார். லாரிக்காரர்களிடம் அவர் பேசும் பேச்சைக் கேட்டால் எங்கள் காலனியில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான் காலையில் ஓடும்போது, டிபன் டப்பாவை வாசலில் நீட்டியபடி நிற்பார். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் குழந்தை இல்லையே என்று உறவுக்காரர்கள் கேட்டால், "அத அதுங்க பாத்துக்கும். நீ காபி குடி" என்பார்.

அந்த வீட்டில் ஒரு குளியலறைதான். அதன் கண்ணாடி முன்னால் நான் தினமும் காலையில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன். கல்லூரி நாட்களிலிருந்தே எனக்குத் தாடையில் முடி வளரும். பிளக்கரை வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, சிவந்த இடத்தில் பவுடர் போட்டுக்கொண்டு வெளியே வருவேன். என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. தெரிந்திருக்கும், அவரும் கேட்டதில்லை. எனக்குப் பிறகு அத்தை உள்ளே போவார். அவரும் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வருவார். தாடையிலும் கன்னத்திலும் மஞ்சள் தடவியிருக்கும். முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போய் உட்காருவார். வெயிலுக்கு அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். குப்பைக்கூடையில் கிடக்கும் ரேசர்கள் என் கணவருடையவை என்று நினைத்தேன்.

எனக்கு மாதவிலக்கு நான்கு மாதமாக வராமல் போனபோதுதான் டாக்டரைப் பார்க்க முடிவு செய்தேன். கர்ப்பம் இல்லை என்று வீட்டிலேயே சோதித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அலுவலகத் தோழி ஒருத்தி, மேற்குத் தாம்பரத்தில் ஹார்மோன் நோய்களுக்கென்று ஒரு பெண் டாக்டர் இருப்பதாகச் சொன்னாள். கணவர் வேலையாக ஹைதராபாத் போயிருந்தார்.

"தனியா இன்னாத்துக்குப் போற? நான் வரேன். மத்தியானம் கடை தூங்கிகினு தான் இருக்கும்" என்றார் அத்தை.

"பரவாயில்ல அத்தை, நான் போய்ட்டு வந்துடுவேன்."

"வாய மூடிகினு செருப்பப் போடு."

பல்லாவரம் வரை ஆட்டோ, அங்கிருந்து பஸ். கிளினிக், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. ஜன்னல் வழியாக ஸ்டேஷன் அறிவிப்புகள் கேட்டுக்கொண்டே இருந்தன. டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். காட்டன் சுடிதார், கலைந்த கொண்டை. அவசரமே இல்லாதவர்போல் கேள்வி கேட்டார். எந்த வயதில் பெரியவளானேன், எப்போதிலிருந்து விலக்கு தள்ளிப்போகிறது, எடை எப்போது கூடியது, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா. பிறகு அதே குரலில், "முடி எத்தனை நாளைக்கு ஒரு தடவை எடுக்கிறீங்க?" என்றார்.

நான், எந்த முடி என்று தெரியாததுபோல் பார்த்தேன். அவர் தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். 

"தினமும்" என்றேன்.

"எத்தனை வருஷமா?"

"காலேஜ்லேர்ந்து. முதல்ல ரெண்டு மூணுதான் இருந்துச்சு. மெதுவா அதிகமாச்சு."

அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒரே வூட்ல கீறோம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு ஜலதோஷமா?"

"இல்லியே."

"குரல் எப்பவுமே இப்படித்தானா?"

"லாரிக்காரங்ககூடக் கத்திக் கத்தி இப்படி ஆயிப்போச்சி. கடைன்னா சும்மாவா?"

"எப்போலேர்ந்து?"

அத்தை முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். "இவள்தானே நோயாளி, இவளைப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் டாக்டர் அதோடு விட்டிருப்பாரோ என்னவோ. அத்தை அதைச் சொல்லவில்லை. டாக்டர் என்னிடம் திரும்பினார். "உங்க மாமியாரோட பழைய போட்டோ, இல்ல வீடியோ, பேசின மாதிரி ஏதாவது உங்க போன்ல இருக்கா?"

இருந்தது. அத்தைக்கு எழுதிப் பழக்கம் இல்லை. வாடிக்கையாளர்களிலிருந்து மகன் வரை எல்லோருக்கும் வாட்ஸாப்பில் பேசித்தான் அனுப்புவார். கல்யாணம் நிச்சயமான புதிதில் எனக்கு அனுப்பியது ஒன்றைத் தேடி எடுத்தேன். அழுத்தினேன்.

"கண்ணு, பொடவை கலரு உனுக்குப் புடிச்சிருக்கான்னு பாத்துச் சொல்லுமா. புடிக்கலன்னா கூச்சப்படாத, மாத்திக்கலாம்."

கொஞ்சம் கீச்சென்ற, மெல்லிய, சாதாரணப் பெண் குரல். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் தினமும் பக்கத்திலேயே இருந்தவள். குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதால் காதும் கூடவே பழகிவிட்டிருந்தது.

"இன்னொரு தபா போடு" என்றார் அத்தை. போட்டேன். கேட்டுவிட்டு, "இது நானா?" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

டாக்டர் நாற்காலியை நகர்த்தி அத்தைக்கு நேராக உட்கார்ந்தார். "அம்மா, முந்தானைய எடுக்கலாமா?"

அத்தை எடுத்தார். மஞ்சளுக்கு அடியில் தாடை முழுக்க, காதோரம் வரை, மழித்த முடியின் நிழல். எனக்கு இருப்பதுபோல் அங்கொன்றும் இங்கொன்றும் இல்லை. என் கணவரின் முகத்தில் மாலை நேரத்தில் இருப்பதுபோல் இருந்தது. டாக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தலையைக் குனியச் சொல்லி உச்சியைப் பார்த்தார். அங்கே முடி கொட்டி, தோல் தெரிந்தது. பிறகு, "உள்ள வாங்க, பரிசோதிச்சுப் பாக்குறேன்" என்று திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். தாழ்ந்த குரலில் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் முயலவில்லை.

வெளியே வந்ததும் டாக்டர் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். "பொண்ணுங்க உடம்புலயும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் சுரக்கும். அது அதிகமானா முடி, பரு, மாதவிலக்குப் பிரச்சினை எல்லாம் வரும். உங்களுக்கு வந்திருக்கிறது நிறைய பொண்ணுங்களுக்கு இருக்கிற ஒண்ணு. வயசுக்கு வந்த காலத்துல ஆரம்பிச்சு, மெதுவா, வருஷக்கணக்குல கூடும். டெஸ்ட் எடுத்துட்டு மாத்திரையில ஆரம்பிக்கலாம். ஆனா அம்மாவுக்கு விலக்கு நின்னு பல வருஷம் ஆச்சு. இது ஒரு வருஷத்துக்குள்ள வந்திருக்கு, வேகமா. குரலும் மாறியிருக்கு. இது வயசானதால வர்றது இல்ல. எங்கேயோ ஒரு இடத்துல அந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்துட்டிருக்கு. அத நாம தேடணும்."

"போன மாசம் கூட எங்க தெரு டாக்டரு, இந்த வயசுல ரத்தம் சூப்பரா கீதுன்னாரு. ஈமோகுளோபினு பதினாறோ பதினேழோ" என்றார் அத்தை, சற்றுப் பெருமையாக.

"அதுவும் இதோட வேலைதாம்மா" என்றார் டாக்டர். "ஆண் ஹார்மோன் ரத்தத்தக் கூட்டும்."

திரும்பும்போது பஸ் வேண்டாம் என்று வீடு வரைக்கும் ஆட்டோ பிடித்தேன். குரோம்பேட்டை தாண்டியதும் அத்தை, ஆட்டோக்காரருக்குக் கேட்காத அளவுக்குக் குனிந்து சொன்னார். தாடி மட்டும் இல்லை, வெளியில் சொல்ல முடியாத இடத்திலும் உடம்பு மாறியிருந்ததாம். ஏதோ பாவம் பிடித்துவிட்டது என்று நினைத்தாராம். மகனிடம் எப்படிச் சொல்வது? மகனுக்குக் கல்யாணமாகி வந்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "அந்தப் பொண்ணு, டாக்டரு, பாத்துட்டு மூஞ்ச சுளிக்கலமா. 'ரொம்ப பயந்துட்டீங்களா?'ன்னு கேட்டுச்சி. அவ்ளோதான். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரே கண்ணாடி முன்னால், ஒருவருக்கொருவர் தெரியாமல், கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கும் வந்தது. "நீ புடுங்குற, நான் செரைக்கிறேன். நல்ல குடும்பம்" என்றார். பம்மல் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

ரத்தப் பரிசோதனையில் அத்தையின் டெஸ்டோஸ்டிரோன், பெண்களுக்கு இருக்க வேண்டியதைப்போல் பல மடங்கு இருந்தது. டாக்டர் அதை உடனே நம்பிவிடவில்லை. பெண்களுக்கு இந்தப் பரிசோதனை சில சமயம் தவறிப்போகும் என்று சொல்லி, வேறு முறையில் செய்யும் இன்னொரு லேபுக்கு அனுப்பினார். அங்கேயும் அதேதான். சிறுநீரகங்களுக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளைச் சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். அவை சரியாக இருந்தன. அப்படியென்றால் சினைப்பை. ஆனால் அல்ட்ராசவுண்டில் எந்தக் கட்டியும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இடது சினைப்பை வலதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறது, கட்டி என்று உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை என்று வந்தது.

ஹைதராபாத்திலிருந்து திரும்பிய என் கணவர் தடுமாறிப்போனார். அம்மாவின் பழைய குரலை நான் போட்டுக் காட்டியபோது எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். மறுநாளிலிருந்து பயம் அவரை வேறு விதமாகப் பிடித்தது. ஸ்கேன் படங்களை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் இன்னொரு டாக்டரிடம் போனார். கட்டியே தெரியாதபோது இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு, ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்னாராம்.

மூவருமாகத் தாம்பரத்துக்குப் போனோம். மற்ற டாக்டரின் கருத்தை என் கணவர் கொஞ்சம் சூடாகவே சொன்னார். டாக்டர் முழுவதையும் கேட்டார்.

"அவர் சொல்றதுல தப்பில்ல சார். ஸ்கேன்ல எதுவும் தெரியலதான். ஆனா ஸ்கேன் உருவத்த மட்டும்தான் காட்டும். உள்ள என்ன வேலை நடக்குதுன்னு ரத்தம்தான் சொல்லுது. ரெண்டு லேபும் ஒண்ணத்தான் சொல்லுது. அம்மா வயசுல ஓவரி சுருங்கி, சும்மா இருக்கணும். சுரக்குற கட்டி ரொம்பச் சின்னதா, ஸ்கேன் கண்ணுக்குப் படாம இருக்கலாம். இல்ல, கட்டியே இல்லாம ஓவரி முழுக்கவே அப்படிச் சுரக்கலாம். எதுன்னு எனக்கு இப்பத் தெரியாது. எதுவா இருந்தாலும் ரெண்டு ஓவரியையும் எடுத்துட்டா அது நிக்கும்."

தெரியாது என்று ஒரு டாக்டர் அவ்வளவு இயல்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் அவரை முழுதாக நம்பினேன்.

என் கணவர் மறுபடியும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். "நீ இரு. ஒடம்பு என்னுது." டாக்டரிடம் திரும்பினார். "எடுத்துட்டா என் கொரலு திரும்பி வருமா?"

"வராதும்மா. கொஞ்சம் லேசாகலாம். பழைய மாதிரி வராது."

"தாடி?"

"வளர்ற வேகம் குறையும். ஏற்கெனவே தடிச்சு வந்தது தானா போகாது, லேசர் பண்ணிக்கலாம். தலையில முடி ஓரளவு வரும்."

"அப்ப இன்னாத்துக்கு அறுக்கணும்?"

"இப்படியே விட்டா ரத்தம் இன்னும் கெட்டியாகும். பக்கவாதம், மாரடைப்பு வர வாய்ப்பு இருக்கு. அதோட உள்ள இருக்கிறது நல்லதா கெட்டதான்னு எடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும்."

அத்தை கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். கீழே ரயில் ஒன்று கிளம்பிப் போனது. "திரும்பி வரும்னு நீ சொல்லியிருந்தா, நான் யோசிச்சிருப்பேன். வராதுன்னு ஒடைச்சிச் சொல்ற பாரு. பண்ணிடு" என்றார்.

ஆபரேஷனை அந்த டாக்டர் செய்யவில்லை. அவர் சொன்ன ஒரு பெண் சர்ஜன், தாம்பரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில், வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்தார். அதற்கு முதல் நாள் வரை அத்தை கடையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, "உள்ள பேசுற தாத்தா யாரு, பேஷண்ட் எங்க?" என்று குரலை மட்டும் கேட்டுத் திரைக்கு வெளியிலிருந்து கேட்டபோது எனக்கு ஆத்திரம் வந்தது. அத்தைதான், "தாத்தா வூட்ல கீறாரு, படமா மாட்டி வெச்சிகிறோம். நீ உள்ள வா கண்ணு" என்றார். அந்தப் பெண் உள்ளே வந்து பார்த்துப் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அத்தை அவளுக்கு எந்த ஊர் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க ஹார்மோன் டாக்டர் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் தன் கிளினிக் நேரத்துக்கு முன்னால் வந்து எங்களோடு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. என் கணவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்தார். சர்ஜன் வெளியே வந்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்ன பிறகுதான் எழுந்து போனார்.

பரிசோதனைக்கு அனுப்பிய இடது சினைப்பையின் உள்ளே ஒரு சிறு கட்டி இருந்தது. புற்றுநோய் இல்லை. சர்ஜன் வந்து, "பட்டாணி அளவுதாம்மா" என்றார்.

"காஞ்ச பட்டாணியா, பச்ச பட்டாணியா?" என்று கேட்டார் அத்தை.

சர்ஜன் ஒரு நிமிடம் விழித்தார். "காய்ஞ்சதுன்னே வெச்சுக்கலாம்."

"அத்துனூண்டா? அதுவா இந்த ஆட்டம் ஆடிச்சி?"

அடுத்த ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அவர் வயதுப் பெண்களுக்கு இருக்கும் அளவுக்கு இறங்கியிருந்தது. ஹார்மோன் டாக்டருக்குப் போனில் அதைப் படித்துக் காட்டியபோது அவர், "அப்பாடா" என்றார். அவ்வளவு நாள் அவரும் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சில மாதங்களில் அத்தையின் உச்சந்தலையில் குட்டிக் குட்டியாக முடி வந்தது. ஹீமோகுளோபின் சாதாரண நிலைக்கு இறங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு மூட்டையை முன்போல் அலட்சியமாகத் தூக்க முடியவில்லை என்று மட்டும் குறைபட்டுக்கொண்டார். தாடைக்கு லேசர் போட குரோம்பேட்டையில் ஓர் இடத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே போக ஆரம்பித்தோம். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கண்ணில் கறுப்பு மூடி போட்டுக்கொண்டு, அத்தை, வீட்டுக்குச் சாமான் என்னென்ன வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவார். சுருக்கென்று பட்டால் நடுவில் ஒரு கெட்ட வார்த்தை வரும். லேசர் போடும் பெண் சிரிப்பாள்.

எனக்கு மாத்திரையோடும் நடையோடும் மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. என்னுடையது வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டியது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழந்தை வேண்டும் என்று முடிவு செய்யும்போது முதலில் வந்து சொல்லுங்கள், இந்த மாத்திரைகளில் ஒன்றை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். இன்னும் சொல்லவில்லை. அத்தையும் கேட்கவில்லை.

போன பொங்கலுக்கு முந்தைய வாரம். கடையில் கூட்டம். நான் லீவு போட்டுவிட்டுச் சில்லறை வேலைகளுக்கு உதவிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண், பிளஸ் டூ படிக்கும் மகளோடு வந்திருந்தாள். மகள் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியிருந்தாள். பச்சரிசி வாங்கிக்கொண்டே அந்தப் பெண் புலம்ப ஆரம்பித்தாள். மகளுக்கு மீசை முளைக்கிறதாம், மாதத்துக்கு மாதம் பார்லருக்குப் போக அடம் பிடிக்கிறாளாம். "பொட்டப் புள்ளைக்கு இது ஒரு கேடா? யாரு வந்து கட்டுவான்?" என்றாள் நான்கு பேர் காதில் விழும்படி. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அத்தை தராசிலிருந்து கையை எடுத்தார்.

"ஏன் அதுங்கிட்டக் கத்துற? அது வேணும்னு வெதைச்சிதா? எனுக்குத் தாடியே வந்துச்சி, தெரியுமா உனுக்கு? முழுத் தாடி. ஒவ்வொரு நாளும் செரைச்சிகினு வந்து இங்க குந்துவேன். வவுத்துல ஒரு கட்டி, அதால வந்துச்சி. எடுத்தாச்சி."

 எண்ணெய் வாங்க நின்ற ஒருவர் வேறு பக்கம் பார்த்தார். அத்தை அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கல்லாவை விட்டு இறங்கி வந்து அந்தச் சிறு பெண்ணின் முன்னால் நின்றார்.

"மாசாமாசம் தலைக்கு ஊத்திக்கிறியா கண்ணு, தள்ளிப் போவுதா?"

"தள்ளிப் போகுது ஆன்ட்டி" என்றாள் அவள், கேட்டும் கேட்காமலும்.

"அப்ப ஒண்ணியும் பயம் இல்ல. எங்க வூட்டுப் பொண்ணுக்கும் அதான். மாத்திரை கீது. தாம்பரத்துல ஒரு டாக்டரம்மா கீது, மூஞ்ச சுளிக்காது, நல்லா கேக்கும்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ சனிக்கிழம போற இல்ல? இதுங்களையும் இட்டுகினு போ."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒரு நொடி தயங்கினேன். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் இப்போது என் தாடையைப் பற்றியும் தெரியும். பிறகு, "காலையில பத்து மணிக்குக் கிளம்புவேன். வாங்க, சேர்ந்தே போகலாம்" என்றேன். அந்தப் பெண் துப்பட்டாவை இறக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அத்தை அதற்குள் திரும்பிப் போய், அடுத்தவருக்கு வெல்லம் நிறுக்க ஆரம்பித்திருந்தார்.